லேடி வால்ஸ்: முதல் கோப்பைக்கு முந்தைய ஆண்டுகளைப் பற்றிப் பேசுவோமா?

முல்லைக்கொடி

லேடி வால்ஸ், அதாவது அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணி என்றாலே எல்லோரும் 8 சாம்பியன்ஷிப்பில்தான் ஆரம்பிக்கிறார்கள். 1987, 1989, 1991, 1996, 1997, 1998, 2007, 2008. இந்த வரிசையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்பவர்கள் இங்கே நிறையப் பேர் உண்டு. எனக்கு அதற்கு முந்தைய கதைதான் பெரிதாகத் தெரிகிறது. 1974-75 சீசனில் பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற பேட் சம்மிட், முதல் தேசியக் கோப்பையைத் தொட்டது தன் 13-வது சீசனில். இன்றைக்கு ஒரு பெரிய பல்கலைக்கழகம் எந்தப் பயிற்சியாளருக்காவது அவ்வளவு காலம் கொடுக்குமா?

ஆரம்பம் எப்படி இருந்தது தெரியுமா? முதுநிலைப் படிப்புக்காக, பல்கலைக்கழகம் இருக்கும் நாக்ஸ்வில் ஊருக்கு வந்த 22 வயதுப் பெண். படித்துக்கொண்டே வகுப்பெடுக்கலாம், பெண்கள் அணிக்கு உதவியாக இருக்கலாம் என்று வந்தவர். அதுவரை பயிற்சியாளராக இருந்தவர் விடுப்பில் போய்விட, அணியை இவர் கையில் கொடுத்துவிட்டார்கள். மாதச் சம்பளம் 250 டாலர். வேன் ஓட்டியது அவர், சீருடை துவைத்தது அவர். அந்தச் சீருடையும் முந்தைய ஆண்டு டோனட் விற்ற காசில் வாங்கியது. அணியில் 4 பேர் அவரைவிட ஒரு வயதுதான் இளையவர்கள். போதாக்குறைக்கு அவருக்கு முழங்கால் தசைநார் கிழிந்து அறுவை முடிந்திருந்தது. 1976 ஒலிம்பிக்கில் ஆட வேண்டும் என்று ஒரு பக்கம் தன் காலைத் தேற்றிக்கொண்டு, மறுபக்கம் பிறருக்குப் பயிற்சி கொடுத்தார்.

முதல் ஆட்டம் 1974 டிசம்பரில், மெர்சர் பல்கலைக்கழகத்துடன். 84-83 தோல்வி. ஒரே ஒரு புள்ளி. ஜனவரியில் மிடில் டென்னசி ஸ்டேட்டை 69-32 என்று வென்றதுதான் முதல் வெற்றி. அந்த முதல் வெற்றியிலிருந்து எண்ணிக்கொண்டே போனால் 2012-இல் 1,098-இல் வந்து நிற்கும்.

என் கருத்து இதுதான்: கோப்பை வருவதற்கு முந்தைய அந்த ஆண்டுகளில்தான் டென்னசி டென்னசியாக ஆனது. எட்டுக் கோப்பையும் அதன் அறுவடை. மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

பாயிண்ட்கார்டு

நல்ல இழை முல்லைக்கொடி. ஒரு சின்னத் திருத்தம். 1974-இல் அவர் பேட் ஹெட். சம்மிட் என்ற பெயர் 1980-இல் திருமணத்துக்குப் பிறகு வந்தது. பழைய ஸ்கோர் அட்டைகளைத் தேடுபவர்களுக்கு இது உதவும்.

அப்புறம், அந்த ஆண்டுகளை வறண்ட காலம் போலச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. நீங்கள் அப்படிச் சொல்லவில்லை, ஆனால் படிப்பவர்கள் அப்படி எடுத்துக்கொள்வார்கள். முதல் சீசனே 16 வெற்றி, 8 தோல்வி. 1977-இல் தேசிய அளவில் மூன்றாம் இடம், 1979-இல் மறுபடியும் மூன்றாம் இடம். 1980 இறுதிப் போட்டியில் ஓல்டு டொமினியனிடம் தோல்வி, 1981 இறுதியில் லூசியானா டெக்கிடம் தோல்வி. 1982-இல் ஃபைனல் ஃபோர், அதாவது கடைசி நான்கு அணிகளின் சுற்று. 1984-இல் மீண்டும் இறுதி, அங்கே ஷெரில் மில்லர் ஆடிய சதர்ன் கலிஃபோர்னியாவிடம் 72-61. 1986-இல் மறுபடி ஃபைனல் ஃபோர், மறுபடி அதே சதர்ன் கலிஃபோர்னியா. கதவுவரை போய்ப் போய்த் திரும்பினார்கள். ரசிகனாக யோசித்தால் அது வறட்சியைவிட வலி.

இன்னொன்று. 1982 வரை பெண்கள் கல்லூரி விளையாட்டை நடத்தியது ஏஐஏடபிள்யூ என்ற தனி அமைப்பு. பெண் ஆசிரியர்களும் பயிற்சியாளர்களும் சேர்ந்து நடத்தியது. ஆண்கள் கல்லூரி விளையாட்டை நடத்திவந்த என்சிஏஏ சங்கம் பெண்கள் பக்கம் வந்தது 1981-82 சீசனில்தான். வந்த வேகத்தில் பழைய அமைப்பு இல்லாமலே போனது. அதனால் 1982-க்கு முந்தைய சாதனைகளை இன்றைய தொலைக்காட்சி வர்ணனையாளர்கள் எண்ணுவதே இல்லை. எனக்கு அது பெரிய அநியாயமாகப் படுகிறது.

ஹஸ்கி ரசிகை

நான் கனெக்டிகட் பல்கலைக்கழக அணியின் (ஹஸ்கீஸ்) பக்கம் என்பது பெயரிலேயே தெரியும், ஆனால் இந்த இழையில் சண்டைக்கு வரவில்லை. ஒரு கேள்வி. இதெல்லாம் ஒரு தனி மனுஷியின் கதைதானே? பேட் வேறு ஊரில் வேலைக்குச் சேர்ந்திருந்தால் இதே 8 கோப்பை அந்த ஊரில் இருந்திருக்கும். ஒரு "அணியின் வரலாறு" என்று இதை எப்படிச் சொல்வது?

முல்லைக்கொடி

நியாயமான கேள்வி ஹஸ்கி. நானும் இதை நிறைய யோசித்திருக்கிறேன்.

பேட் இல்லாமல் இது இல்லை. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவருக்கு அடியில் ஒரு நிலம் இருந்தது. டென்னசியில் பெண்கள் விளையாட்டுக்கு என்று தனித் துறை இருந்தது. ஆண்கள் துறைக்குக் கீழே ஒரு மூலை மேசை என்றில்லாமல், தனி இயக்குநர், தனிப் பட்ஜெட், பணம் திரட்ட, விளம்பரம் செய்யத் தனி ஆட்கள். ஜோன் குரோனன் 1983 முதல் 2012 வரை அதன் இயக்குநர். நாட்டிலேயே ஒரு சில பல்கலைக்கழகங்கள்தான் இப்படி வைத்திருந்தன. டெக்சஸ் ஒன்று, ஆர்கன்சா ஒன்று. பெண்கள் அணிக்கு விமானம் வேண்டுமா, பயிற்சி நேரம் வேண்டுமா என்ற முடிவை, காலை எழுந்ததும் ஃபுட்பாலைப் பற்றி யோசிக்கிற ஒருவர் எடுக்க வேண்டியதில்லை. அந்த ஏற்பாட்டின் மதிப்பு இன்றைக்குப் பலருக்குத் தெரிவதில்லை.

பழைய பெரிய அணிகளைப் பாருங்கள். 1972, 73, 74 மூன்று ஆண்டும் சாம்பியன் இமாகுலாட்டா, பென்சில்வேனியாவில் ஒரு சின்னக் கத்தோலிக்கக் கல்லூரி. அடுத்த மூன்று ஆண்டு மிசிசிப்பியின் டெல்டா ஸ்டேட். அப்புறம் ஓல்டு டொமினியன், லூசியானா டெக். பெரிய மாநிலப் பல்கலைக்கழகங்கள் பெண்கள் ஆட்டத்தில் பணம் போடாத காலத்தில் இவை கொடிகட்டிப் பறந்தன. கல்வி நிலையங்களில் ஆண், பெண் பாகுபாட்டைத் தடுக்க 1972-இல் வந்த டைட்டில் நைன் சட்டத்தின் விளைவு மெல்ல மெல்ல இறங்கி, உதவித்தொகையும் பணமும் பெரிய இடங்களில் பாயத் தொடங்கியதும் இவை பின்தங்கின. டென்னசி மட்டும் இரண்டு காலத்திலும் முன்வரிசையில் நின்றது. அதற்குக் காரணம் பேட் மட்டும் என்றால் டெல்டா ஸ்டேட்டின் மார்கரெட் வேட் குறைந்த பயிற்சியாளரா? இல்லையே. நிலமும் வேண்டும், உழுபவரும் வேண்டும்.

புதுப்பந்து

இந்த ஆட்டத்துக்குப் புதியவன் நான், பெரியவர்கள் பேசுவதை வாசித்துக்கொண்டிருக்கிறேன். வேறொரு இடத்தில் டென்னசி பெண்கள் முன்பு ஒரு அணிக்கு 6 பேராக ஆடினார்கள் என்று படித்தேன். அது உண்மையா? 5 பேர்தானே?

பாயிண்ட்கார்டு

உண்மைதான் தம்பி, ஆனால் அது கல்லூரியில் அல்ல, உயர்நிலைப் பள்ளியில். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது புரியாமல் லேடி வால்ஸ் கதை புரியாது.

அணிக்கு 6 பேர். 3 பேர் ஃபார்வர்டு, 3 பேர் கார்டு. மைதானத்தின் நடுக்கோட்டை யாரும் தாண்டக் கூடாது. கார்டாக நிற்கும் பெண் தன் பாதியில் தடுப்பாள், பந்தைப் பிடுங்குவாள், நடுக்கோடு வரை கொண்டுவந்து மறுபக்கம் கொடுப்பாள். அவ்வளவுதான். அவள் பள்ளிக்காலம் முழுக்க ஒரு முறைகூட கூடையை நோக்கிப் பந்தை எறிந்திருக்க மாட்டாள். ஃபார்வர்டுக்குத் தடுக்கவே தெரியாது. பெண்கள் முழு மைதானமும் ஓடினால் உடம்பு தாங்காது என்ற பழைய நம்பிக்கையின் மிச்சம் அது. டென்னசிப் பள்ளிகளில் 1979 வரை இதுதான் நடைமுறை. அயோவாவில் 1993 வரை, ஓக்லஹோமாவில் 1995 வரை இருந்தது.

கிராமத்து மக்கள் இந்த ஆட்டத்தை உயிராக நேசித்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். பெண்கள் ஆட்டத்துக்கு ஊரே திரண்டு வரும். பேட் சம்மிட்டே அந்த மண்ணில் வளர்ந்தவர், பண்ணை வீட்டுப் பெண். அவர் சேரவேண்டிய பள்ளியில் பெண்கள் அணி இல்லை என்பதற்காக அவர் அப்பா குடும்பத்தையே பக்கத்து மாவட்டத்துக்கு வீடு மாற்றினார். ஆனால் கல்லூரியில் சேரும்போது அண்ணன்மாருக்கு விளையாட்டு உதவித்தொகை கிடைத்தது, தங்கைக்குக் கிடைக்கவில்லை. பெண்களுக்கு அப்போது அப்படி ஒன்றே இல்லை. மார்ட்டினில் உள்ள டென்னசி பல்கலைக்கழக வளாகத்தில் பெற்றோர் பணம் கட்டித்தான் படித்தார்.

இப்போது பயிற்சியாளர் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். உங்கள் மாநிலத்துப் பெண்களில் பாதிப் பேருக்குப் பந்தெறியத் தெரியாது, மீதிப் பாதிக்குத் தடுக்கத் தெரியாது. மற்ற மாநிலத்துப் பெண்கள் 5 பேர் ஆட்டம் ஆடி வருகிறார்கள். பேட் இந்த 6 பேர் முறையை எதிர்த்து வெளிப்படையாகவே பேசினார். ஒரு மாணவி நீதிமன்றத்துக்குப் போனார், கீழமை நீதிமன்றத்தில் வென்றார், மேல்முறையீட்டில் தோற்றார். கடைசியில் பள்ளிகள் தாமாகவே மாற்றிக்கொண்டன.

ஹாலி வார்லிக்கை இந்தப் பின்னணியில் நினைத்துப் பாருங்கள். நாக்ஸ்வில் பெண். டென்னசிக்கு வந்தது தடகள உதவித்தொகையில், ஓட்டக்காரியாக. 1976 முதல் 1980 வரை பாயிண்ட் கார்டாக, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவராக ஆடி, இந்த அணியில் ஜெர்சிக்கு ஓய்வு கொடுக்கப்பட்ட (அந்த எண் வேறு யாருக்கும் கிடையாது) முதல் வீராங்கனை ஆனார். எண் 22. முல்லைக்கொடி சொல்லும் அந்த 13 ஆண்டுகளுக்கு ஒரே ஒரு முகம் வேண்டுமென்றால் என் கணக்கில் அது வார்லிக்.

புதுப்பந்து

நன்றி அண்ணா. கோட்டைத் தாண்டக் கூடாது என்பதை நினைத்தாலே மூச்சு முட்டுகிறது.

தாரகை

நான் 2006 முதல் 2008 வரை நாக்ஸ்வில்லில் படித்தவள். கூடைப்பந்தில் எந்த ஆர்வமும் இல்லாமல்தான் போனேன். அறைத்தோழி ஒருத்தி இழுத்துக்கொண்டு போனாள், அன்றைக்கு ஆரம்பித்தது.

தாம்ப்சன்-போலிங் அரங்கத்தில் உள்ளே நுழைந்ததும் எனக்குக் கண்ணில் பட்டது கூட்டம். வயதான தம்பதிகள், கைக்குழந்தையோடு வந்தவர்கள், அப்பாவின் தோளில் உட்கார்ந்த சிறுமிகள். பெண்கள் ஆட்டத்துக்கு இத்தனை பேர் வருவார்கள் என்று எனக்கு யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். பிறகுதான் தெரிந்தது, அந்த அரங்கம் திறந்த 1987-லேயே டெக்சஸுடன் நடந்த ஒரு ஆட்டத்துக்கு 24,000 பேருக்கு மேல் வந்திருக்கிறார்கள். 13 ஆண்டில், டோனட் விற்ற காலத்திலிருந்து அந்த எண்ணிக்கை வரை. இதைத்தான் முல்லைக்கொடி சொல்கிறார் என்று நினைக்கிறேன்.

கேண்டஸ் பார்க்கரை நேரில் பார்த்தேன். 2006 மார்ச்சில் ராணுவக் கல்லூரி அணியுடன் ஆடியபோது, என்சிஏஏ சாம்பியன்ஷிப் தொடரில் டங்க் செய்த (பந்தைக் கூடைக்கு மேலிருந்து உள்ளே திணித்த) முதல் பெண், அதுவும் ஒரே ஆட்டத்தில் இரண்டு முறை. ஆனால் டங்க்கைவிட என் நினைவில் நிற்பது 2008. ஃபைனல் ஃபோருக்குப் போகும் ஆட்டத்தில் டெக்சஸ் ஏ அண்ட் எம் அணிக்கு எதிராக அவர் தோள்பட்டை நழுவியது. உள்ளே போனார், திரும்பி வந்து ஆடினார். மறுபடியும் அடிபட்டது, மறுபடியும் வந்தார். அடுத்து லூசியானா ஸ்டேட் (எல்எஸ்யூ) அணியுடன் அரையிறுதி. கடைசி நொடிக்கும் குறைவான நேரத்தில் அலெக்சிஸ் ஹார்ன்பக்கிள் திரும்பி வந்த பந்தைப் போட்டு 47-46. இறுதியில் ஸ்டான்ஃபோர்டை 64-48. நாங்கள் விடுதியில் ஒரே தொலைக்காட்சி முன்னால் 20 பேர் உட்கார்ந்து பார்த்தோம். அந்தக் கோப்பைதான் இதுவரை கடைசி. அப்போது எங்களுக்கு அது தெரியாது.

ஹஸ்கி ரசிகை

தாரகை, அழகாக எழுதியிருக்கிறீர்கள்.

சரி, எங்கள் பக்கத்துக் கதையும் இந்த வரலாற்றில் வரவேண்டும். 1995 ஜனவரி 16-இல் டென்னசி முதல் முறையாக எங்கள் ஊருக்கு வந்தது. கனெக்டிகட் 77-66. அந்த ஏப்ரலில் இறுதியில் மறுபடி மோதினோம், 70-64, எங்கள் அணி அந்தச் சீசனில் 35 வெற்றி, தோல்வியே இல்லை. பிறகு 2000, 2003, 2004 மூன்று இறுதிகளிலும் நாங்கள்தான் வென்றோம். ஆக, இறுதியில் சந்தித்த நான்கு முறையும். இதை வெறுப்பேற்றச் சொல்லவில்லை. டென்னசி இல்லையென்றால் கனெக்டிகட்டை யார் கவனித்திருப்பார்கள்? பெண்கள் கல்லூரி ஆட்டம் முக்கிய நேரத்தில் தொலைக்காட்சியில் வந்தது இந்த இரண்டு அணிகளும் மோதியதால்தான். 2007-இல் பேட் இந்தத் தொடரை நிறுத்தியபோது எனக்குக் கோபம் வந்தது, இன்றைக்கும் அது வருத்தம்தான். 2020 வரை இரண்டு அணிகளும் வழக்கமான சீசனில் சந்திக்கவே இல்லை. 12 சீசன் வீணாகப் போனது.

ஆனால் 2011-இல் பேட் தன் நோயை வெளியே சொன்ன பிறகு, அவர் தொடங்கிய அறக்கட்டளைக்கு எங்கள் பயிற்சியாளர் ஜீனோ ஆரியெம்மா 10,000 டாலர் கொடுத்தார். அந்தச் செய்தியைப் படித்த அன்று என் கோபத்தில் பாதி போய்விட்டது.

பாயிண்ட்கார்டு

ஹஸ்கி, இறுதியில் நான்குக்கு நான்கு சரி. ஆனால் 1996 அரையிறுதியில் கூடுதல் நேரத்தில் உங்களை 88-83 என்று வென்றோம், 1997-இல் தோல்வியே காணாமல் 33-0 என்று வந்த உங்கள் அணியை 91-81 என்று வீட்டுக்கு அனுப்பினோம். அந்த இரண்டு ஆண்டும் கோப்பை நாக்ஸ்வில்லுக்குத்தான் வந்தது.

கோடைமழை

இதோ என் பழைய வாதத்துக்கு வழி கிடைத்துவிட்டது. எல்லோரும் 1998 அணியைத்தான் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். 39-0. ஷமீக்வா ஹோல்ட்ஸ்கிளா, செமீகா ராண்டால், டமீகா கேச்சிங்ஸ். பெயர்களில் வரும் அந்த ஒலியை வைத்து "மூன்று மீக்குகள்" என்றே அழைக்கப்பட்டார்கள். இறுதியில் லூசியானா டெக்கை 93-75. கேச்சிங்ஸ் 27, ஹோல்ட்ஸ்கிளா 25. முதல் பாதி முடியும்போதே 55-32, ஆட்டம் அங்கேயே முடிந்துவிட்டது.

மறுக்கவில்லை, அற்புதமான அணி. ஆனால் என் மனசு 1997-இல் இருக்கிறது. 29 வெற்றி, 10 தோல்வி. அதுவரை 10 தோல்வியோடு யாரும் இந்தக் கோப்பையை வென்றதில்லை. சீசன் தொடங்கும் முன்பே பாயிண்ட் கார்டு கெல்லி ஜாலிக்கு முழங்கால் தசைநார் போனது. அவர் இல்லாமல் தடுமாறினார்கள், அவர் பாதி சீசனில் திரும்பியும் தோற்றுக்கொண்டிருந்தார்கள். தங்கள் வட்டார லீக்கின் (எஸ்இசி) சாம்பியன் பட்டம்கூட இல்லை. அப்படிப்பட்ட அணி மார்ச்சில் 33-0 கனெக்டிகட்டை வீழ்த்தி, இறுதியில் ஓல்டு டொமினியனை 68-59 என்று வென்றது. ஜாலி அந்த இறுதியில் 11 அசிஸ்ட், அதாவது பிறர் கூடையில் போட வழிசெய்த 11 பாஸ். எல்லாம் சரியாக இருக்கும்போது ஜெயிப்பது ஒன்று. எதுவுமே சரியில்லாதபோது ஜெயிப்பது வேறு.

முல்லைக்கொடி

கோடைமழை, 1998-உம் அவ்வளவு சுலபமாக வரவில்லை. ஃபைனல் ஃபோருக்கு முந்தைய ஆட்டத்தில், நாஷ்வில்லில், வட கரோலினாவிடம் இரண்டாம் பாதியில் 12 புள்ளி பின்தங்கியிருந்தார்கள். 76-70 என்று மீண்டார்கள். அன்றைக்குத் தோற்றிருந்தால் 39-0 என்ற எண்ணே கிடையாது. ஆனால் 1997 பற்றி நீங்கள் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன்.

என் மனசில் நிற்பது இரண்டு அணிகளும் அல்ல, 1990-உம் 1991-உம். 1990-இல் ஃபைனல் ஃபோர் நாக்ஸ்வில்லிலேயே நடந்தது, அதே தாம்ப்சன்-போலிங் அரங்கத்தில். சொந்த வீட்டுக் கல்யாணம். ஆனால் ஒரு படி முன்னால், வர்ஜீனியாவிடம் கூடுதல் நேரத்தில் 79-75 என்று தோற்று வெளியேறினார்கள். தங்கள் தரையில் வேறு யாரோ கோப்பை வாங்குவதைப் பார்க்கவேண்டி வந்தது. அடுத்த ஆண்டு இறுதியில் எதிரே நின்றது அதே வர்ஜீனியா. மறுபடியும் கூடுதல் நேரம். கடைசி நொடிகளில் டீனா ஹெட் இரண்டு ஃப்ரீ த்ரோவையும் போட்டுச் சமன் செய்தார், பிறகு 70-67. ஒரு கதாசிரியர் எழுதினால் நம்ப மாட்டோம்.

ஊமத்தை

எல்லோரும் கொண்டாடுகிறீர்கள், ஒரு சங்கடமான கேள்வி கேட்கிறேன். பேட்டின் கண்டிப்பு. ஆட்டம் சரியில்லை என்றால் லாக்கர் அறையைப் பூட்டி வீராங்கனைகளை வெளியே நிறுத்தியிருக்கிறார். எல்லோரும் பேசும் அந்தப் பார்வை, 18 வயதுப் பெண்ணை அரங்கம் நிறைந்த கூட்டத்தின் முன்னால் குறுக வைத்த பார்வை. கோப்பை வென்றதால் அதையெல்லாம் அழகான கதையாகச் சொல்கிறோம். தோற்றிருந்தால் என்ன சொல்லியிருப்போம்?

தாரகை

ஊமத்தை, இதைக் கேட்டதற்கு நன்றி. எளிதான பதில் என்னிடம் இல்லை.

ஒன்றைச் சொல்ல முடியும். நான்கு ஆண்டும் ஆடி முடித்த அவருடைய ஒவ்வொரு வீராங்கனையும் பட்டம் பெற்றார். ஒருவர்கூட விதிவிலக்கில்லை, 38 ஆண்டுகளில். வகுப்பில் முதல் மூன்று வரிசையில்தான் உட்கார வேண்டும், வகுப்பைத் தவறவிட்டால் ஆட்டம் கிடையாது. அதனால் கண்டிப்பு ஆட்டத்துக்கு மட்டும் இருந்த கண்டிப்பு இல்லை. அந்தப் பெண்களில் பலர் பிறகு பயிற்சியாளர்களாகி, ஏதாவது ஒரு முடிவெடுக்கத் திணறும்போது அவருக்குத்தான் போன் போட்டார்கள்.

ஆனால் அதே முறை எல்லோருக்கும் ஒத்துவந்ததா என்றால், விலகிப்போனவர்களும் உண்டு. அவர்கள் கதையை யாரும் இப்படி இழை போட்டுப் பேசுவதில்லை. நீங்கள் சொல்வதில் அந்த நியாயம் இருக்கிறது.

ஊமத்தை

பட்டம் விஷயம் எனக்குத் தெரியாது. 38 ஆண்டு, ஒருவர்கூட விடாமல் என்பது பெரிய விஷயம். கண்டிப்பு பற்றிய என் கேள்வியை விட்டுவிடவில்லை, ஆனால் தட்டின் மறுபக்கத்தில் இதையும் வைத்துக்கொள்கிறேன்.

கோடைமழை

பேட்டுக்குப் பிந்தைய காலத்தைப் பற்றி யாருமே பேசவில்லையே. 2011 ஆகஸ்டில், 59 வயதில், அல்சைமர் வகை மறதி நோய் தொடங்கியிருக்கிறது என்று அவரே அறிவித்தார். அந்தச் சீசன் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் 1985 முதல் உதவிப் பயிற்சியாளராக இருந்த ஹாலி வார்லிக். 2012 ஏப்ரலில் பேட் விலகினார், வார்லிக் பொறுப்பேற்றார். 2016 ஜூன் 28-இல் பேட் மறைந்தார், வயது 64.

வார்லிக் 2019 வரை. பிறகு கெல்லி ஹார்ப்பர். 1997-இல் 11 அசிஸ்ட் கொடுத்த அதே கெல்லி ஜாலிதான். 2024-இல் முதல் முறையாக இந்த வீட்டுக்கு வெளியிலிருந்து ஒருவர், கிம் கால்டுவெல். முழு மைதானமும் நெருக்கிப் பிடிப்பது, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஐந்து பேரையும் மொத்தமாக மாற்றுவது என்று வேறு மாதிரியான ஆட்டம். முதல் சீசனிலேயே, 2025 பிப்ரவரியில், கனெக்டிகட்டை 80-76 என்று வென்றார். அந்தக் கனெக்டிகட்தான் ஏப்ரலில் சாம்பியன் ஆனது.

ஹஸ்கி ரசிகை

அந்த ஆட்டத்தை நினைவுபடுத்தாமல் இருந்திருக்கலாம் கோடைமழை. ஆனால் வென்றது நியாயமான வெற்றி. கால்டுவெல் அதற்குச் சில வாரம் முன்புதான் பிள்ளை பெற்றிருந்தார், ஒரே ஒரு ஆட்டத்தைத்தான் தவறவிட்டார்.

முல்லைக்கொடி

இந்த இடத்தில் 1990 செப்டம்பரைச் சொல்லாமல் எப்படி? பேட் நிறைமாதக் கர்ப்பிணி. மிஷேல் மார்சினியாக் என்ற பள்ளி வீராங்கனையைப் பார்க்கப் பென்சில்வேனியாவுக்குப் பறந்தார். அவர்கள் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதே வலி எடுத்துவிட்டது. அங்கேயே மருத்துவமனைக்குப் போகாமல், பிள்ளை டென்னசியில்தான் பிறக்க வேண்டும் என்று விமானத்தில் ஏறி வந்து, நாக்ஸ்வில்லில் மகன் டைலரைப் பெற்றார். மார்சினியாக் முதலில் நோட்ர டேமுக்குப் போனார், பிறகு டென்னசிக்கு மாறி வந்தார். 1996 ஃபைனல் ஃபோரின் சிறந்த வீராங்கனை அவர்தான்.

தாரகை

பெயர் விவகாரத்தையும் பதிவு செய்துவிடுகிறேன். 2012-இல் ஆண்கள், பெண்கள் துறைகள் இரண்டும் ஒன்றாக்கப்பட்டன. 2014-இல், கூடைப்பந்து தவிர மற்ற எல்லாப் பெண்கள் அணிகளுக்கும் "லேடி வால்ஸ்" பெயரை எடுத்துவிடப் போவதாக அறிவித்தார்கள். எல்லோருக்கும் ஒரே பெயர், ஒரே சின்னம் என்பது காரணம். "லேடி" என்று ஒட்டுச்சொல் எதற்கு, ஆண்கள் அணிக்கு அப்படி எதுவும் இல்லையே என்று கேட்டவர்களும் இருந்தார்கள். கேள்வியில் தவறில்லை.

ஆனால் என்னைப் போன்றவர்களுக்கு அந்தப் பெயர் ஒட்டுச்சொல் இல்லை. தனித் துறையை, தனிச் சின்னத்தை, டோனட் விற்று வாங்கிய சீருடையை எல்லாம் தாங்கியிருந்த பெயர் அது. முன்னாள் வீராங்கனைகளும் ரசிகர்களும் விடவில்லை. 2017 செப்டம்பரில் பெயர் திரும்பி வந்தது. அன்று அலுவலகத்தில் என்னால் வேலை பார்க்க முடியவில்லை.

பாயிண்ட்கார்டு

1982-இல் என்சிஏஏ பெண்கள் போட்டி தொடங்கியதிலிருந்து 2025 வரை, ஒரு ஆண்டுகூட விடாமல் எல்லாப் போட்டியிலும் கலந்துகொண்ட ஒரே அணி டென்னசி. கனெக்டிகட் இல்லை, ஸ்டான்ஃபோர்டு இல்லை. பேட் போன பிறகும் அது அறுபடவில்லை. ஹஸ்கி, நீங்கள் முதலில் கேட்டீர்களே, இது ஒரு மனுஷியின் கதைதானே என்று. அதற்கு இதைத்தான் நான் பதிலாக வைப்பேன்.

ஹஸ்கி ரசிகை

ஏற்றுக்கொள்கிறேன். 12 கோப்பை எங்களிடம் இருந்தாலும் இந்த ஒன்று எங்களிடம் இல்லை.

புதுப்பந்து

ஒரு பழைய ஆட்டத்தை முழுசாகப் பார்க்க ஆசைப்படுகிறேன். எதில் ஆரம்பிப்பது? 1998 இறுதியா, 2008-ஆ?

கோடைமழை

1997, கனெக்டிகட்டுடன், 91-81. ஸ்கோர் முன்பே தெரிந்தாலும் பரவாயில்லை. அந்த அணி ஏற்கனவே 10 முறை தோற்றிருக்கிறது என்பதை மட்டும் மறந்துவிடாமல் பாருங்கள்.

முல்லைக்கொடி

பார்க்கும்போது கேமரா டென்னசி பெஞ்சுப் பக்கம் திரும்பினால், பேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைக் கவனியுங்கள். ஹாலி வார்லிக். ஓட்டக்காரியாக வந்தவர்.